வ்ரேமே பத்திரிகை யாரு பக்கம்?

செர்பிய மொழியில "வ்ரேமே"ன்னா காலம்னும் அர்த்தம், வானிலைன்னும் அர்த்தம், ரெண்டுக்கும் ஒரே வார்த்தை தான். பேரு வெச்சவங்க காலத்த தான் நெனச்சிருப்பாங்க, ஆனா செர்பியத் தலைநகர் பெல்கிரேடுல அரசியல் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு 1990-லேர்ந்து வாராவாரம் சொல்லிட்டு வர்ற பத்திரிகைக்கு ரெண்டாவது அர்த்தமும் பொருந்தித் தான் போகுது. (1921-லேர்ந்து 1941 வரைக்கும் அதே ஊர்ல அதே பேருல ஒரு தினசரி வந்துச்சு, அது வேற இது வேற, தேடுறப்ப கொழப்பிக்காதீங்க.)

யூகோஸ்லாவியா போர் பத்தி படிக்க ஆரம்பிக்கிற யாருக்கும் ஒரு கட்டத்துல இந்தப் பேரு கண்ணுல படும், ஏன்னா வெளிநாட்டு ஆராய்ச்சிப் புத்தகங்கள்ல அடிக்குறிப்ப புரட்டினா வ்ரேமே, வ்ரேமேன்னு வந்துட்டே இருக்கும். ஒடனே நமக்கு ஒரு டவுட் வரும், சரி இது எந்தப் பக்கத்து ஆளு, இத நம்பலாமா. விக்கிபீடியால பாத்தா "லிபரல், சுயாதீனம்"னு ரெண்டு வார்த்தையில முடிச்சிருப்பாங்க. என்னக் கேட்டா அந்த ரெண்டு வார்த்தையால ஒண்ணுமே புரியாது. ஒரு பத்திரிகையோட சாய்வு தெரியணும்னா காசு யாரு போட்டாங்க, எழுதுறவங்க எங்கேர்ந்து கோவிச்சுக்கிட்டு வந்தாங்க, எந்த வார்த்தைய எழுத மாட்டேன்னு சொன்னாங்க, இத தான் பாக்கணும். அந்த வழியில போவோம்.

மொதல்ல பின்னணி, வேகமா சொல்லிடுறேன். நேரு, நாசரோட சேந்து அணிசேரா இயக்கம்னு ஸ்கூல்ல படிச்சோமே அந்த யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ, அவரு 1980-ல செத்துட்டாரு. செர்பியா, குரோவேஷியா, ஸ்லோவேனியா, போஸ்னியான்னு ஆறு குடியரசு சேந்த நாடு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் இழுக்க ஆரம்பிச்சுது. 1987 செப்டம்பர்ல செர்பிய கம்யூனிஸ்ட் கட்சிக்குள்ள தன்னோட குருவயே தள்ளி விட்டுட்டு ஸ்லோபோதான் மிலோஷெவிச் மேல வந்தாரு. வந்ததும் அவரு கை வெச்ச இடங்கள்ல முக்கியமானது மீடியா.

இதுல ஒண்ண மட்டும் கிட்டப் போய்ப் பாத்துடுவோம். 1904-ல ஆரம்பிச்ச "பொலிதிகா"ன்னு ஒரு பேப்பர், அங்க அதுக்கு இருந்த மரியாதையே வேற, வீட்ல தாத்தா காலத்துலேர்ந்து வாங்குற பேப்பர். அதுல 1988 ஜூலையிலேர்ந்து 1991 மார்ச் வரைக்கும் "எதிரொலிகளும் எதிர்வினைகளும்"னு வாசகர் கடிதப் பகுதி ஒண்ணு வந்துச்சு. பாக்க சாதாரண வாசகர் கடிதம் மாதிரி தான் இருக்கும், ஆனா நாளுக்கு நாள் வர்ற கடிதமெல்லாம் ஒரே சுருதி, அல்பேனியர்கள் நம்மள அழிக்கப் பாக்குறாங்க, ஸ்லோவேனியாக்காரன் நம்ம காச சுரண்டுறான், குரோவேஷியால நாப்பதுகள்ல நடந்தது திரும்ப நடக்கப் போகுது, இப்படியே. எடிட்டர் தன் பேருல ஒரு வரி வெறுப்பு எழுத வேணாம், "மக்கள் கருத்து"ன்னு போட்டுட்டா வேல முடிஞ்சுது. போருக்கு மனச தயார் பண்ண வேலையில இந்தக் கடிதப் பகுதிக்கு எவ்ளோ பங்குன்னு அங்கத்த ஆய்வாளர்கள் தனியா உக்காந்து ஆராஞ்சிருக்காங்க.

இப்படி இருக்கிற ஒரு பேப்பர் ஆபீஸ்ல நீங்க நிருபரா இருந்தா என்ன பண்ணுவீங்க, ஒண்ணு வாய மூடிட்டு இருக்கணும் இல்ல வெளிய வரணும். வெளிய வந்தா எங்க போறது? பத்திரிகை எல்லாமே அரசாங்கமோ அரசாங்கம் சாந்த நிறுவனமோ நடத்துறது.

இங்க தான் ஸ்ர்ஜா போபோவிச் வர்றாரு. இவரு பத்திரிகைக்காரரே இல்ல, வக்கீல். டிட்டோ காலத்துலயே எழுத்தாளர், சினிமாக்காரர், ஸ்டூடண்ட்ஸ்னு ஆட்சிய விமர்சிச்சு மாட்டினவங்களுக்காக கோர்ட்ல நின்னவரு. 1976-ல ஒரு கேஸ்ல தன்கிட்ட கேஸ் குடுத்தவரு எழுதினது சரி தான்னு வாதாடினதுக்காக வக்கீலுக்கே ஒரு வருஷ ஜெயில் தண்டனை போட்டாங்க, வெளிநாட்டு வக்கீல்கள் எல்லாம் கண்டிச்சாங்க. அந்த மனுஷன் சொந்தக் காசப் போட்டு, கூட இருந்தவங்களோட சேந்து வ்ரேமேய ஆரம்பிச்சாரு. மொத இதழ் 1990 அக்டோபர் 29. செர்பியால ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் முதல் பலகட்சித் தேர்தல் அந்த டிசம்பர்ல, அதாவது தேர்தலுக்கு ஆறு வாரம் முன்னாடி கடை தொறந்தாச்சு.

சேந்தவங்கள்ல பல பேரு பொலிதிகா மாதிரி பெரிய பத்திரிகை நிறுவனங்கள்ல வேல கத்துக்கிட்டு அங்க மூச்சு முட்டி வந்தவங்க. ஸ்டோயான் செரோவிச், அரசியல் பத்தி எழுதுறவரு. மிலோஷ் வாசிச், ராணுவம் போலீஸ் ஆயுதம்னா இவரு தான். டிராகோல்யுப் ஜார்கோவிச், ரொம்ப வருஷம் எடிட்டரா இருந்தவரு, 2020-ல இறந்துட்டாரு. கோராக்ஸ்னு கையெழுத்து போடுற கார்ட்டூனிஸ்ட் பிரெட்ராக் கோராக்சிச்சும் வரைஞ்சாரு, மிலோஷெவிச் மனைவி மிர்யானா மார்கோவிச்சுக்கு எப்பவும் தலையில ஒரு பூ வெச்சு வரைவாரு, அந்தப் பூவப் பாத்தாலே ஊருக்கே ஆளு யாருன்னு தெரிஞ்சிடும்.

சரி, சாய்வு என்ன? ஆரம்பத்துல வ்ரேமே எந்தக் கட்சிப் பத்திரிகையும் இல்ல. தேசியவாதம் வேணாம், போர் வேணாம், யூகோஸ்லாவியா ஒடையாம ஜனநாயகமா மாறினா நல்லது, பொருளாதாரம் சந்தை பக்கம் திரும்பட்டும், இவ்ளோ தான் அவங்க நின்ன எடம். இதுல புதுசா படிக்கிறவங்க பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, மிலோஷெவிச்ச எதிர்த்தாங்கன்னா எதிர்க்கட்சி ஆளுங்கன்னு முடிவு பண்ணிடுறது. அப்ப எதிர்க்கட்சியில இருந்த பல பேரு மிலோஷெவிச்ச விட பெரிய தேசியவாதிங்க, "நீ போதுமான அளவு செர்பியன் இல்ல"ன்னு அவரத் திட்டுறவங்க, அவங்களயும் வ்ரேமே விட்டு வைக்கல. ஆட்சிக்கு எதிரி, எதிர்க்கட்சிக்கும் முழு நண்பன் இல்ல, அப்படி ஒரு எடம்.

சாய்வு தலையங்கத்த விட வார்த்தையில தான் சீக்கிரம் தெரியும். 1991-ல குரோவேஷியால சண்ட ஆரம்பிச்சப்ப செர்பிய அரசு டிவியில எதிர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரே பேரு "உஸ்தாஷா", அதாவது ரெண்டாம் உலகப் போர்ல நாஜி தயவுல ஆட்சி நடத்தி செர்பியர்களக் கொன்ன கூட்டத்தோட பேரு. 1992-ல போஸ்னியா, அங்க எதிரிக்கு "முஜாஹிதீன்". நம்ம பக்கத்து ஆளு எப்பவும் "பாதுகாவலர்". இந்த மூணு வார்த்தைய வெச்சே ஒரு நியூஸ் புல்லட்டின் ஓட்டிடலாம், ஓட்டினாங்க. வ்ரேமே இந்த மொழிக்குள்ள போகாம, எந்தப் படை, யாரு கமாண்டர், எந்த ஊர், ஆயுதம் எந்தக் கிடங்குலேர்ந்து வந்துச்சுன்னு எழுதுச்சு. நம்ம பக்கத்து ஆளுங்க பண்ணினதயும் எழுதுச்சு. போர் நடக்குற நாட்டுல "எந்தக் கிடங்குலேர்ந்து"ன்னு கேக்குறதே துரோகம், அதனால துரோகிப் பட்டமும் சீக்கிரமே கெடச்சுது.

இன்னொரு விஷயமும் சேந்துக்கிச்சு. 1993-ல அமெரிக்க அதிபர் கிளிண்டனுக்கு போஸ்னியாவுல செர்பியப் படைகள் மேல ராணுவ நடவடிக்க எடுக்கச் சொல்லி ஒரு பகிரங்கக் கடிதம் போச்சு, கையெழுத்து போட்டவங்கள்ல போபோவிச்சும் ஒருத்தர். அவரு அப்ப நியூயார்க்ல. தன் சொந்த நாட்டுப் படை மேல குண்டு போடச் சொன்னவன்னு அந்தப் பட்டம் 2013-ல சாகுற வரைக்கும் அவர விடல, அவரு காசு போட்ட பத்திரிகை மேலயும் அந்தச் சேறு தெறிச்சுது. நியாயமா பாத்தா அது அவரோட தனிப்பட்ட கையெழுத்து. ஆனா திட்டுறவன் நியாயம் பாத்தா திட்டுவான்?

இப்ப ஒரு கேள்வி வரணும் உங்களுக்கு. இவ்ளோ பேசுற பத்திரிகைய மிலோஷெவிச் ஏன் ஒரே நாள்ல இழுத்து மூடல?

பதில் சிம்பிள், மூட வேண்டிய அவசியமே இல்ல. நாட்டுல பெரும்பாலான ஜனங்களுக்கு செய்தின்னா சாயங்காலம் ஏழரை மணி டிவி புல்லட்டின் தான். வ்ரேமே படிக்கிறது பெல்கிரேட், நோவி சாத் மாதிரி ஊர்ல படிச்ச ஒரு கூட்டம், அவங்க எப்படியும் மிலோஷெவிச்சுக்கு ஓட்டு போட மாட்டாங்க. வெளிநாட்டுக்காரன் வந்து பத்திரிகை சுதந்திரம் இருக்கான்னு கேட்டா, இதோ பாருங்க கடையில தொங்குதுன்னு காட்டிக்கலாம். டிவி கெட்டியா கையில இருக்கணும், பேப்பர்ல சிலது கத்திட்டுப் போகட்டும், அந்தக் கணக்கு. வாசிச் ஒரு தடவ அமெரிக்கர்களுக்குப் புரியிற மாதிரி சொன்னாரு, உங்க நாட்டுல இருக்கிற ஒவ்வொரு குட்டி டிவி ஸ்டேஷனும் டேவிட் டியூக் மாதிரி ஒரு கூ க்ளக்ஸ் க்ளான் (வெள்ளை இனவெறிக் கூட்டம்) ஆளு சொல்றத மட்டும் ஒளிபரப்பினா அஞ்சு வருஷத்துல உங்க ஊர்லயும் போர் வரும்னு. வாரப் பத்திரிகைல உக்காந்துக்கிட்டு டிவியோட பலத்த இவ்ளோ தெளிவா ஒத்துக்கிட்ட ஆளு அவரு.

ஆனா மூடலங்கிறதுக்காக சுகமா இருந்தாங்கன்னு இல்ல. 1992 மே மாசம் ஐநா தடை வந்துச்சு, 1993-ல பணவீக்கம் வந்துச்சு பாருங்க, 50,000 கோடி தினார்னு ஒரே நோட்டு, அதுல ஸ்மாய்ங்கிற கவிஞரோட படம். 1994 ஜனவரியில மாசப் பணவீக்கம் 31 கோடி சதவீதத்துக்கு மேல. காலைல வாங்குன சம்பளம் சாயங்காலம் ரொட்டிக்குக் காணாது. இந்த நெலமையில ஒரு வாரப் பத்திரிகைய நடத்துறத யோசிச்சுப் பாருங்க, அட்டையில வெல அச்சடிச்சு கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த வெலைக்கு மதிப்பு இல்ல, கடைக்காரன் வித்த காச ஒரு வாரம் கழிச்சு குடுத்தா அது வெறும் காகிதம், அச்சடிக்கிற காகிதத்துக்கே வெல அதிகம். வெளிநாட்டு அறக்கட்டளைகள் சுயாதீன மீடியாவுக்கு ஒதவ ஆரம்பிச்சது இந்தக் காலத்துல தான், அதுல அமெரிக்கப் பணக்காரர் ஜார்ஜ் சோரோஸோட அமைப்பும் உண்டு. "சோரோஸ் காசு, வெளிநாட்டுக் கூலி"ங்கிற வசவு அப்ப பொறந்தது, இன்னைக்கும் அங்க ஓடிட்டிருக்கு. வசவு வசவாவே இருக்கட்டும், ஆனா வாசகரா நீங்க இத மனசுல வெச்சுக்கிறது தப்பில்ல, உள்ளூர் விளம்பரமும் உள்ளூர் விற்பனையும் இல்லாம வெளி உதவியில நிக்கிற பத்திரிகைக்கு வெளியூர் வாசகர் மேல ஒரு கண்ணு இருக்கத் தான் செய்யும்.

வ்ரேமேவுக்கு அது நெஜமாவே இருந்துச்சு. 1991-லேர்ந்து முக்கியக் கட்டுரைகள இங்கிலீஷ்ல சுருக்கி வாராவாரம் ஈமெயில்ல அனுப்பிட்டிருந்தாங்க, 1991-ல ஈமெயில், நல்லா யோசிங்க! பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் வெச்சிருந்த புலம்பெயர்ந்த யூகோஸ்லாவியர்கள், வெளிநாட்டு நிருபர்கள், ஆய்வாளர்கள்னு அது பரவுச்சு. மேல சொன்னேனே அடிக்குறிப்பு எல்லாம் வ்ரேமேன்னு, அதுக்கு ஒரு காரணம் பத்திரிகையோட தரம், இன்னொரு காரணம் இந்த இங்கிலீஷ் டைஜஸ்ட். செர்பிய மொழி தெரியாதவனுக்கும் படிக்கக் கெடச்சுது. அதனால வெளிய இருந்து பாக்குறப்ப செர்பியாவோட குரலே வ்ரேமே தான்னு தோணும், ஊருக்குள்ள அது ஒரு சின்னக் கூட்டத்தோட குரல். இந்த வித்தியாசம் தெரியாம படிச்சா 1990-கள்ல செர்பியா முழுக்க போர எதிர்த்துச்சுன்னு நெனச்சுடுவீங்க.

அதே சமயம் எதிர்த் தட்டுல என்ன இருந்துச்சுன்னும் பாக்கணும். "தூகா"ன்னு ஒரு பத்திரிகையில மிர்யானா மார்கோவிச் டைரி மாதிரி ஒரு தொடர் எழுதிட்டிருந்தாங்க. பனி, பூ, மரம், மனசு கனக்குது அப்படின்னு போயிட்டிருக்கும், நடுவுல யாரயாவது ஒரு இடி. ஜனங்க அத இலக்கியமா படிக்கல, அடுத்து யாரு பதவி காலியாகப் போகுதுன்னு தெரிஞ்சுக்கப் படிச்சாங்க. வானிலை அறிக்கை யாரு பத்திரிகையில வந்துச்சு பாருங்க.

ஆட்சி பலமா இருந்த வரைக்கும் சின்னப் பத்திரிகைகள விட்டு வெச்சாங்க, பயம் வந்ததும் கத மாறுச்சு. 1996 நவம்பர்ல உள்ளாட்சித் தேர்தல் முடிவ ஆட்சி மாத்தப் பாத்துச்சு, அத எதிர்த்து குளிர்ல மூணு மாசம் ஜனங்க தெருவுல நின்னாங்க. 1998 அக்டோபர்ல புது தகவல் சட்டம் வந்துச்சு, பத்திரிகை மேல புகார் வந்தா 24 மணி நேரத்துல விசாரண, எழுதினது உண்மைன்னு நிரூபிக்க வேண்டியது பத்திரிகை தான், அபராதம் கம்பெனியே முழுகுற அளவுக்கு. வந்த வேகத்துலயே "எவ்ரோப்லியானின்"ங்கிற பத்திரிகைக்கு 24 லட்சம் தினார் அபராதம். அதோட ஓனர் ஸ்லாவ்கோ சுருவியாவ 1999 ஏப்ரல் 11, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் அன்னைக்கு, வீட்டு வாசல்ல சுட்டுக் கொன்னாங்க. முன்னாள் உளவுத்துறை ஆளுங்க நாலு பேருக்கு கீழ்க் கோர்ட்ல தண்டனை ஆச்சு, அப்பீல்ல விடுதலை, அந்தத் தீர்ப்பு 2024-ல தான் வெளிய வந்துச்சு. அந்த 1998 சட்டம் வந்தப்ப தகவல் அமைச்சர் யாருன்னா அலெக்சாண்டர் வுசிச். 2017-லேர்ந்து அவரு தான் செர்பிய அதிபர். வ்ரேமேவோட இன்னைக்கு சாய்வு புரியணும்னா இந்த ஒரு தகவலே பாதி வேலய முடிச்சிடும்.

1999 மார்ச் 24-லேர்ந்து 78 நாள், கொசோவோ விவகாரத்துல, நேட்டோங்கிற மேற்கத்திய ராணுவக் கூட்டணி யூகோஸ்லாவியா மேல குண்டு போட்டுச்சு. போர்க்காலத் தணிக்கை, எழுதுறதெல்லாம் பாத்துத் தான் போகும். இந்த நேரத்துல "மேற்கத்திய ஆதரவு"ன்னு பேரு வாங்கின அந்தப் பத்திரிகைக்காரங்களே நேட்டோவ ஏத்துக்கல, நாங்க பத்து வருஷம் மிலோஷெவிச்ச எதிர்த்துக் கட்டினத நீங்க மேலேர்ந்து ஒடைக்கிறீங்கன்னு தான் பெல்கிரேட் லிபரல்கள்ல ரொம்பப் பேரு பேசினாங்க. அதனால "மேற்கு ஆதரவு"ங்கிற லேபிளும் பொத்தாம்பொதுவா ஒட்ட முடியாது.

2000 அக்டோபர் 5, மிலோஷெவிச் வீழ்ந்தாரு. எனக்கு இதுக்கு அப்புறம் தான் சுவாரசியம். எதிரி இருக்கிற வரைக்கும் எல்லாரும் ஒரே பக்கம், எதிரி போனதும் தான் யாரு எங்க நிக்கிறாங்கன்னு தெரியும். 1992-லேர்ந்து போர எதிர்த்த அறிவுஜீவிக் கூட்டத்துக்கு அங்க "இன்னொரு செர்பியா"ன்னு பேரு, வ்ரேமே அதோட வீடு மாதிரி. 2002 கோடையில ஆரம்பிச்சு நவம்பர் வரைக்கும் வ்ரேமே பக்கங்கள்லயே அந்த வீட்டுக்குள்ள பெரிய சண்ட. மனித உரிமைக்காரங்க ஒரு பக்கம், நீங்க செர்பியர்கள் செஞ்ச குற்றத்தப் பேச வேண்டிய அளவு பேசல, எல்லாரும் தான் தப்பு பண்ணினாங்கன்னு சமன் பண்ணப் பாக்குறீங்கன்னு. பத்திரிகையோட பத்தி எழுத்தாளர்கள் இன்னொரு பக்கம், நாங்க போர் நடக்குறப்பவே எழுதினவங்க, எங்களுக்கே பரீட்சையா, காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டா தான் நல்லவனான்னு. வாரக்கணக்கா பதில், பதிலுக்குப் பதில். செர்பிய ஹெல்சிங்கி கமிட்டிங்கிற மனித உரிமை அமைப்பு அத்தனையும் தொகுத்துப் புத்தகமாவே போட்டுச்சு. போபோவிச் பிற்காலத்துல அதிகமா பேசினதும் எழுதினதும் குற்றத்த முழுசா ஒத்துக்கணும்னு சொல்ற பெஷ்சானிக்ங்கிற ரேடியோ நிகழ்ச்சி பக்கம் தான். பத்திரிகை ஆரம்பிக்கக் காசு போட்டவர விட பத்திரிகை மிதமாப் போயிடுச்சு.

அடுத்த வருஷம் இன்னும் ஒரு படி. 2003 பிப்ரவரியில ஸ்லோபோதான் அந்தோனிச்னு சமூகவியலாளர், "மிஷனரி அறிவுஜீவிகள்"னு ஒரு கட்டுர எழுதுறாரு, அதாவது சொந்த ஜனங்கள காட்டுமிராண்டியா பாத்து மதம் மாத்த வந்த பாதிரி மாதிரி பாடம் எடுக்குறாங்க இந்த இன்னொரு செர்பியாக்காரங்கன்னு கிண்டல். அந்த வார்த்தைய இன்னைக்கும் அங்கத்த பழமைவாதிங்க விடாம சொல்றாங்க. வந்த எடம் எது? வ்ரேமே தான். தன் வாசகர்களத் திட்டுற கட்டுரய தானே அச்சடிச்ச பத்திரிகைய "ஒரு பக்கச் சார்பு"ன்னு தள்ளிட முடியுமா, நீங்களே சொல்லுங்க. என் கணக்குல வ்ரேமேவோட சாய்வு இந்த எடத்துல தான் சரியா தெரியுது, நடுவுல நிக்கிற லிபரல், ரெண்டு ஓரத்துலேர்ந்தும் அடி வாங்குறவன், சில நேரம் அந்த நடு இடத்த பத்திரமான எடமா ஆக்கிக்கிட்டவன்னும் சொல்லலாம், 2002-ல எதிர்ப் பக்கம் சொன்ன குற்றச்சாட்டுல கொஞ்சம் உண்மை இல்லாம இல்ல.

பக்கத்து வீட்டயும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம், அப்ப தான் அளவு தெரியும். "நின்"னு ஒரு வாரப் பத்திரிகை, நம்ம பழைய தமிழ்ல நின்னா உன்னோடன்னு அர்த்தம், அங்க அது வாரச் செய்தித்தாள்ங்கிறதோட சுருக்கம். 1935-ல இடதுசாரி இளைஞர்கள் ஆரம்பிச்சாங்க, 26 இதழோட தடை. திரும்ப 1951-ல வந்துச்சு. 1954-லேர்ந்து வருஷத்தோட சிறந்த நாவலுக்கு நின் விருது குடுக்குறாங்க, அந்த ஊர்ல ஒரு நாவலுக்கு அத விட பெரிய பரிசு இல்ல, மிலோரத் பாவிச் 1984-ல வாங்கினாரு, 1988-ல துப்ராவ்கா உக்ரேஷிச், வாங்கின மொத பொண்ணு அவங்க. நின் எப்பவும் கொஞ்சம் கோட்டு சூட்டு போட்ட பத்திரிகை, ஆட்சிக்குள்ள இருந்துக்கிட்டே தொண்டையக் கனைக்கிற டைப். அதுவும் பின்னாடி சூடாச்சு, 2016-ல பெல்கிரேட் சவாமாலா பகுதியில ராத்திரியோட ராத்திரியா முகமூடி போட்டவங்க வந்து கட்டடங்கள இடிச்ச விஷயத்துல உள்துறை அமைச்சர அட்டையில போட்டு "தலைமைப் பேய்"னு எழுதி, கேஸ் ஆகி, கீழ்க் கோர்ட்ல தோத்து அப்பீல்ல ஜெயிச்சுது.

அப்புறம் ஸ்விஸ் கம்பெனி ரிங்கியர் கையிலேர்ந்து நின் கை மாறுச்சு, 2024 ஆரம்பத்துல ஆசிரியர் மிலான் சுலிப்ர்க்கும் பெரும்பாலான நிருபர்களும் கும்பலா வெளிய வந்து "ரடார்"னு புதுசா ஆரம்பிச்சாங்க. செர்பியால இது புதுசே இல்ல, 1994 டிசம்பர்ல "போர்பா" தினசரிய அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப ஆளுங்க வெளிய வந்து "நாஷா போர்பா", அதாவது நம்ம போர்பான்னு ஆரம்பிச்சாங்க. போர்டு ஒருத்தர் கையில, பேனா இன்னொருத்தர் கையில. அதனால ஒரு செர்பியப் பத்திரிகையோட சாய்வ பேர வெச்சு முடிவு பண்ணாதீங்க, அந்த வருஷம் உள்ள யாரு உக்காந்திருந்தாங்கன்னு பாருங்க. 1986 நின் வேற, 1990 நின் வேற, 2023 நின் வேற.

வ்ரேமேவுக்கு இந்த மாதிரி மொத்தமா ஆள் மாறின கத இல்ல, செரோவிச் 2005-ல போயிட்டாரு, வாசிச் 2021-ல, ஜார்கோவிச்சுக்கு அப்புறம் உள்ளயே வளந்த ஃபிலிப் ஷ்வார்ம் எடிட்டர். வியாழக்கிழமை தோறும் வருது. 2024 நவம்பர் 1-ல நோவி சாத் ரயில் ஸ்டேஷன் கூரை விழுந்து 16 பேரு செத்து, ஸ்டூடண்ட்ஸ் தெருவுக்கு வந்தாங்களே, அந்தப் போராட்டத்த வாராவாரம் வுசிச் ஆட்சிக்கு எதிர் நிலையிலேர்ந்து எழுதிட்டிருக்காங்க.

படிக்க ஆசைப்படுறவங்க நேரா இன்னைக்கு இதழ்ல ஆரம்பிக்காதீங்க, பேரெல்லாம் புரியாம அலுப்பு தட்டிடும். 1991, 92 காலத்து இங்கிலீஷ் டைஜஸ்ட் இணையத்துல கெடைக்குது, 1992 ஏப்ரல் எடுத்து வெச்சுக்கிட்டு போஸ்னியா போர் ஆரம்பிச்ச நாலு வாரத்த மட்டும் வரிசையா படிங்க, அடுத்து என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும், எழுதுறவங்களுக்குத் தெரியாது.